நடக்கிற பண வழக்கில் அவதூறையும் சேர்க்க முடியுமா? அவசரம்

நாகலூர்க்காரன்:
வணக்கம். மிளகு விற்ற பாக்கிக்காக ஒரு வியாபாரி மேல் சேலம் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இப்போது அவர் என் பெயரைக் கெடுத்துவிட்டார். அதே வழக்கில் மானநஷ்ட ஈட்டையும் சேர்க்க கோர்ட் அனுமதி தருமா? வாய்தா நெருங்குகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகை செல்வம்:
என்ன சொன்னார், எங்கே, எப்போது? சாட்சி விசாரணை தொடங்கிவிட்டதா?

மலர்விழி:
அவருடைய பதிலுரையில் எழுதியதா, வெளியில் சொன்னதா? பதிலுரை என்றால் அதற்காக மானநஷ்ட ஈடு கேட்க முடியாது. கோர்ட்டில் தாக்கல் செய்வதற்குப் பாதுகாப்பு உண்டு.

பழைய குமாஸ்தா:
ஒன்றும் படிக்காமல் கேட்க வந்துவிடுகிறீர்கள். தாக்கல் செய்த வழக்குரையைத் திருத்துவது பற்றிச் சொல்வது உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 6 விதி 17. 2002இல் அந்த விதியை மாற்றியதற்கு அப்புறம், விசாரணை தொடங்கிவிட்டால் வழக்குரையை லேசில் திருத்த முடியாது. அக்கறையோடு இருந்தும் முன்பே கொண்டுவர முடியவில்லை என்று கோர்ட் நம்ப வேண்டும். முதலில் அதைப் படியுங்கள் தம்பி.

நாகலூர்க்காரன்:
பதிலுரை இல்லை ஐயா. விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் என் மூட்டைப் படத்தோடு போட்டார். "மிளகில் பப்பாளி விதை கலக்கிற ஆள், யாரும் வாங்காதீங்க." போன தை மாதம். அதிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் என் சரக்கை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். விசாரணை தொடங்கவில்லை.

மலர்விழி:
தை மாதமா? எழுத்தில் வந்த அவதூறுக்கு, வெளியான நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு. 1963 காலவரையறைச் சட்டம். திருத்த மனு நிலுவையில் கிடக்கும்போதே கெடு முடிந்து, அப்புறம் மனுவும் தள்ளுபடியானால் இரண்டும் போச்சு. தனி வழக்கு போடுங்கள்.

குகை செல்வம்:
எதற்கு இரட்டைச் செலவு? ஒரே பிரதிவாதி மேல் பல வழக்குமூலங்களை, அதாவது வழக்குப் போடுவதற்கான காரணங்களை, ஒரே வழக்கில் சேர்க்க ஆணை 2 விதி 3 இடம் கொடுக்கிறது. கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம் எப்படியும் உண்டு. திருத்த மனுவே போதும்.

பழைய குமாஸ்தா:
விதியில் இடம் இருந்தால் அனுமதி கிடைத்ததாகுமா செல்வம்? பாக்கிக்குப் பில்லும் ரசீதும் போதும். அவதூறுக்கு, பதிவைப் படித்தவர்கள் கூண்டேற வேண்டும். வழக்கின் தன்மையே மாறுகிறது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

மஞ்சக்குட்டை மணி:
இதற்கெல்லாம் கோர்ட் எதற்கு? மிளகைத் தண்ணீரில் போடுங்கள். நல்லது மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். வீடியோ எடுத்து அதே குழுவில் போடுங்கள்.

வெள்ளக்கடை ராணி:
உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகும் மிதக்கும் அண்ணா! நாலு மிளகு மிதந்தால் அந்த வியாபாரிக்கே சாட்சி ஆகிவிடும். பப்பாளி விதை நீள்வட்டமாக, பச்சை கலந்த பழுப்பில் இருக்கும். கண்ணாலேயே பிரிக்கலாம்.

மஞ்சக்குட்டை மணி:
ஒழுங்காகக் காற்றில் தூற்றினால் பொக்கு ஏன் வருகிறது?

வெள்ளக்கடை ராணி:
எவ்வளவு தூற்றினாலும் கொஞ்சம் தங்கும். மழை ஏமாற்றிய வருடத்தில் எங்கள் கொடியிலேயே பாதி பொக்கு.

மலர்விழி:
மிளகை வேறு இழையில் பேசுங்கள். நாகலூர் அண்ணா, பதிவு வந்த போனை மாற்றாதீர்கள், குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு, மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பதிவைப் படித்து, சரக்கு வேண்டாம் என்ற வியாபாரி ஒருவராவது சாட்சி சொல்வாரா?

நாகலூர்க்காரன்:
ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார். வக்கீலும் தனி வழக்கு என்றே சொல்கிறார், நோட்டீஸ் தயாராகிறது. எல்லோருக்கும் நன்றி.