மூன்றாம் மணி நேரத்தில் கை நடுக்கம்: செஸ் ஆடும் பையனுக்குக் காபியை எப்படிக் குறைப்பது?

மாணவனுக்கு 16 வயது, சென்னை. கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம்: ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். மதியம் 3 மணிச் சுற்றில் மட்டும், ஆறு மணி நெருங்கும்போது கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல். நேரம் இருந்தும் அவசரமாகக் காயை நகர்த்திவிடுகிறான். காலைச் சுற்றில் இது வருவதே இல்லை.

1 மணிக்குச் சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு, 2.30க்குச் சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி, ஆட்ட நடுவே இன்னொன்று. காபியில் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால் என் சந்தேகம் இரண்டாவது டம்ளர் மேல்தான்.

செய்து பார்த்தவை: சாதத்தைப் பாதியாக்கிச் சுண்டலும் தயிரும். தூக்கக் கலக்கம் போனது, நடுக்கம் போகவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொஞ்ச நேரத் தெம்பு, அவ்வளவுதான். வாழைப்பழமும் வேர்க்கடலையும் பரவாயில்லை. காபியை ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி. ரத்தச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள் இயல்பு.

அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. தலைவலி வராமல் காபியை எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் குறைக்கலாம்?