தாபரிப்புக் காசு: மகளுக்கு 18 முடிஞ்சவுடன பாதியை நிப்பாட்டலாமோ?

கோண்டாவிலான்:
மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின்ர தாபரிப்புக் (பிள்ளையளின்ர பராமரிப்புச் செலவுக்) கட்டளை. ரெண்டு பிள்ளையளுக்கும் மாசம் 20,000 ரூபா, என்ர சம்பளத்தில கழிபடுது. மூத்தவவுக்கு வாற மாசம் 18 முடியுது, ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறா. சின்னவனுக்கு 13. இனி 10,000 மட்டும் கழிக்கச் சொல்லிக் கந்தோரில கடிதம் குடுத்தால் காணுமோ?

வழக்கேடு:
காணாது. கணக்குப் பகுதி கழிக்கிறது நீதிமன்றப் பணிப்பில. அதை மாத்தவும் நீதிமன்றக் கடிதம்தான் வரவேணும்.

முதல்ல கட்டளையின்ர உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து வாசியுங்கோ. ‘ஆளுக்கு 10,000’ எண்டு பிரிச்சு எழுதியிருந்தால் மகளின்ர பங்கை மட்டும் ரத்துச் செய்யக் கேக்கலாம். ‘ரெண்டு பேருக்கும் 20,000’ எண்டு மொத்தமாக் கிடந்தால் பாதி உங்களுக்குக் குறையும் எண்டு கணக்குப் போடாதேங்கோ. சின்னவனின்ர இப்பத்தைய செலவைப் பாத்து நீதவான் 14,000, 15,000 எண்டும் போடலாம். வீட்டு வாடகையும் கறண்டும் ஒராள் குறைஞ்சதாலை பாதியாகாது தானே.

சுன்னாகம் வாசகி:
ஏ.எல். படிக்கிற பிள்ளை எண்டதை விட்டிட்டீங்கள், முக்கியமே அதுதான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில 18க்கும் 25க்கும் இடைப்பட்ட, தன்னைத் தானே பராமரிக்க ஏலாத பிள்ளையும் தாபரிப்புக் கேக்கலாம். அந்த விண்ணப்பத்தை மகளே தன்ர பேரில போடலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளையெண்டால் வயது எல்லையே இல்லை. கம்பஸ் கிடைச்சால் செலவு கூடும். பிள்ளையோட பேசி ஒரு தொகைக்கு வாறது நல்லம், ஏ.எல். சோதினை நேரம் அவவை நீதிமன்றப் படி ஏத்தாதேங்கோ.

கோண்டாவிலான்:
தாய் போனில ‘சரி’ எண்டிட்டா. அது காணாதோ?

வழக்கேடு:
போன் பேச்சு நீதிமன்ற வழக்கேட்டில ஏறாது. நாளைக்கு மனம் மாறினால் நிலுவை எண்டு விண்ணப்பம் வரும், அது பிடியாணை வரை போகும். கட்டளை போட்ட அதே நீதிமன்றத்தில, பழைய வழக்கு இலக்கத்திலயே, நிலைமை மாறியிருக்கு எண்டு பிரேரணை (எழுத்து மூல விண்ணப்பம்) போடுங்கோ. மகளின்ர பிறப்புச் சான்றிதழ், கட்டளைப் பிரதி, கழிப்புத் தெரியிற சம்பளப் பட்டியல் இணையுங்கோ. தாய்க்கு அறிவித்தல் போகும். அவ வந்து சம்மதம் சொன்னால் அதைப் பதிஞ்சு கட்டளையை மாத்துவினம், மறுத்தால் விசாரணை. சட்டத்தரணிக்கு வசதியில்லையெண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண நிலையத்தில கேளுங்கோ.

புதுக் கட்டளை வரும்வரை 20,000மும் கழிபடட்டும். 18க்கு முந்தின நிலுவை இருந்தால் அதுவும் அழியாது, கட்டத்தான் வேணும்.

சுன்னாகம் வாசகி:
இடையில வங்கியில கட்டின மாசங்கள் இருந்தால் அந்தத் துண்டுகளை இண்டைக்கே போட்டோக்கொப்பி எடுங்கோ. மிஷினில வாற துண்டில எழுத்து மங்கிப்போகும். மாறின கட்டளையின்ர பிரதியைக் கணக்குப் பகுதியில குடுக்கேக்க உங்களிட்ட இருக்கிற பிரதியில திகதி முத்திரையும் வாங்குங்கோ. அடுத்த சம்பளத்தில பழைய தொகையே கழிபட்டால் அதைக் காட்டித்தான் கேக்கவேணும்.