பொங்கல் விழாவில் யாரைப் பாராட்டுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

அல்சூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்தி வருகிறோம். பகுதி மக்களுக்காக உழைத்தவர்களையும், படிப்பிலோ கலையிலோ விளையாட்டிலோ சிறந்து விளங்கியவர்களையும் வருகிற விழாவில் மேடையேற்றிப் பாராட்டுவது என்று குழுவில் முடிவாகியுள்ளது. இதுவரை பொன்னாடைகள் நன்கொடை கொடுத்தவர்களுக்கும் வட்டாரப் பிரமுகர்களுக்குமே போய்ச் சேர்ந்தன. விடியற்காலையில் எங்கள் தெருவைப் பெருக்கும் பெண்களின் பெயரோ, நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்குப் போக வண்டி எடுத்துவரும் ஆட்டோ ஓட்டுநரின் பெயரோ ஒருமுறைகூட அந்த ஒலிபெருக்கியில் கேட்டதில்லை என்பது நெடுநாளாக என்னை உறுத்துகிறது.

தேர்வை எப்படி நடத்தினால் மனத்தாங்கல் வராது? பொன்னாடை, கேடயம் தவிர வேறு என்ன கொடுக்கலாம்? தமிழர் விழாவில் தமிழர் அல்லாதவரையும் பாராட்டலாமா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு மிகுதி.

முன்னாள் செயலாளர், ஜீவன்பீமா நகர்:

நண்பருக்கு வணக்கம். குடியிருப்போர் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்களைப் பேசுவதற்கு முன்பே விதிகளை எழுதிவிடுங்கள். பெயர்கள் வந்தபின் எழுதப்படும் விதி, ஏதேனும் ஒரு பெயருக்குத் தக்கபடியே அமைந்துவிடும். குழு உறுப்பினர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் அவ்வாண்டுப் பாராட்டுக்கு உரியவரல்லர் என்பதையும், நன்கொடைக்கும் பாராட்டுக்கும் தொடர்பில்லை என்பதையும் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவேட்டில் எழுதுங்கள். நன்கொடையாளருக்கு நன்றி கூற விழாவின் தொடக்கத்தில் தனியே நேரம் ஒதுக்கினால் அவர்களும் வருந்தமாட்டார்கள்.

பெயர்களைக் குழுவே யோசிக்காமல் மக்களிடம் கேளுங்கள். பத்ம விருதுகளுக்கு இன்று எந்தக் குடிமகனும் இணையவழியே ஒருவரை முன்மொழியலாம். முன்மொழியப்படுபவரின் பணியை 800 சொற்களுக்கு மிகாமல் விளக்கி எழுத வேண்டும். ஆரஞ்சுப் பழம் விற்ற பணத்தைச் சேர்த்து மங்களூருக்கு அருகே தம் ஊரில் பள்ளிக்கூடம் உருவாகக் காரணமான ஹரேகள ஹாஜப்பா, காட்டுமரங்களைக் கன்றிலிருந்து வளர்த்தெடுத்த துளசி கௌடா ஆகிய இருவரும் 2020ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீ பட்டியலில் இடம்பெற்றதை நாம் அறிவோம். இத்தகையவர்கள் தாமாக மேடை தேடி வருவதில்லை. அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு 800 சொற்கள் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் "சமூக சேவகர்", "தன்னலமற்றவர்" போன்ற பொதுச்சொற்களை ஏற்காமல், என்ன செய்தார், யாருக்குச் செய்தார், எத்தனை காலமாகச் செய்கிறார் என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பிறகு, குழுவில் இருவர் நேரில் சென்று, பயன்பெற்றவர்களிடம் விசாரித்து உறுதி செய்துகொள்ளட்டும்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் முக்கியம். மறைந்தவர்களும் வெளிநாட்டில் வாழ்வோரும் நீங்கலாக, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 120 பத்ம விருதுகள் என்பதே உச்சவரம்பு. மாநிலம் உருவான ஆண்டிலிருந்து எண்ணி, கர்நாடக அரசு மாநிலம் உருவான நாளையொட்டித் தரும் ராஜ்யோத்சவ விருதை 2023இல் 68 பேருக்கு வழங்கியது. ஒரு பகுதிக்கு நான்கைந்து பேருக்கு மேல் போனால் மேடை ஒரு வரிசையாக மாறி, யாருடைய பணியும் யார் மனத்திலும் பதியாமல் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டோடு "சேவைச் செம்மல்" போன்ற பட்டங்களைச் சூட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். பத்ம விருதுகளே அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு விலக்கும் பட்டங்கள் அல்ல என்றும், அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்து எழுதக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதிலுள்ள நெறி நமக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபிரேசர் டவுன்:

செயலாளர் ஐயா தேர்வைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், மேடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீரனின் பெயரையும் அவன் செய்த செயலையும் கல்லில் எழுதி நட்டது நம் முன்னோர் வழக்கம்; கன்னட நாட்டிலும் அவ்வாறே வீரக்கற்கள் நட்டார்கள். பெங்களூரின் பேகூர் பகுதியில், நாகேஸ்வரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கல், பெங்களூருப் போரில் மாண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறது. இந்த நகரத்தின் பெயர் அக்கல்லில் இடம்பெற்றிருப்பதை வரலாற்றாசிரியர்கள் பெரிதும் போற்றுகிறார்கள். போரின் பெயரும் மாண்டவரின் பெயரும் துல்லியமாக எழுதப்பட்டதால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அது பயன்படுகிறது. நம் விழாக்களில் வாசிக்கப்படும் வாழ்த்து மடல்களையோ, பெயரை மட்டும் மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை அந்த மடலை எழுதுவதில் செலவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். தெருவைப் பெருக்கும் அம்மா எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குகிறார், எந்தத் தெருக்கள் அவருடைய பொறுப்பு, மழைநாளில் அடைத்துக்கொண்ட வடிகாலை யாரும் சொல்லாமலே எப்படி நீக்கினார் என்றெல்லாம் அவரிடமே கேட்டு எழுதி, அவர் முன்னிலையில் நிதானமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவர் அவரால் பயன்பெற்ற ஒருவராக இருப்பது நல்லது; வரவேற்பாளரோ சிறப்பு விருந்தினரோ வேண்டாம்.

பாராட்டப்படுபவர்களை விழா தொடங்கும்போதே முன்வரிசையில் குடும்பத்தோடு அமர்த்துங்கள். தலைவர்களின் உரைகள் முடிந்து, கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு அவர்களை அழைப்பது பாராட்டே ஆகாது. நாள்கூலி பெறுபவருக்கு அன்றைய கூலி போய்விடும் என்பதையும், அதிகாலைப் பணி செய்பவருக்கு இரவு விழா பெரும் சுமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பரிசைப் பொறுத்தவரை, இந்த ஊர் வழக்கப்படி மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை, சால்வை, மாலை, பழக்கூடை எல்லாம் அழகுதான். ஆயினும் 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசே தன் நிகழ்ச்சிகளில் மாலை, சால்வை, பழக்கூடை முதலியவை வேண்டாம், வேண்டுமானால் கன்னடப் புத்தகம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. நீங்கள் ஒரு சால்வையும் சட்டமிட்ட மடலும் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தைத் தொகையாக அவர் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தொகையை மேடையில் அறிவிக்க வேண்டாம்.

அல்சூர்வாசி:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. மடலைப் பற்றிய கருத்தைக் குழுவில் அப்படியே வாசித்தேன், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் அண்ணனிடம் பேசியபோது, "மேடையெல்லாம் வேண்டாம் தம்பி, கூச்சமாக இருக்கும்" என்கிறார். வற்புறுத்தலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபிரேசர் டவுன்:

வற்புறுத்த வேண்டாம். மடலை மட்டும் எழுதி, நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தார் முன்னிலையில் வாசித்துக் கொடுங்கள். அவர் பெயரையும் படத்தையும் விழா மலரில் வெளியிடலாமா என்பதையும் அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

காக்ஸ் டவுன் வாசகன்:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். உங்கள் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலை கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் பெரியோரை மற்றவர் போற்றியபோதுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்தச் சிலைக்கு அருகில் வாழும் நீங்கள், உங்கள் தெருவுக்கு உழைக்கும் கன்னடரையோ தெலுங்கரையோ உருது பேசுபவரையோ மொழி காரணமாக விலக்குவது பொருத்தமாக இராது. பெருக்கும் பெண்களில் தெலுங்கு பேசுபவர்களும் இருக்கக்கூடும். அவர்களைத் தவிர்த்துவிட்டுத் தமிழ்ப் பெண்ணை மட்டும் மேடையேற்றினால், மறுநாள் காலை ஒரே தெருவில் சேர்ந்து வேலை செய்யும் அவர்களுக்குள் வருத்தம் உண்டாகும்.

பொங்கல் தமிழர் விழாவாகவே இருக்கட்டும், மேடையின் மொழியும் தமிழாகவே இருக்கட்டும். தமிழர் அல்லாதவருக்கான மடலை மட்டும் அவர் மொழியிலும் எழுதி, முதலில் அதை வாசித்துவிட்டுத் தமிழில் வாசியுங்கள். கன்னடத்தில் எழுத ஆள் கிடைக்காவிட்டால் இங்கேயே சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.