36 பூ தைத்த பிறகு சுங்குடிச் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது. எப்படிக் காப்பாற்றுவது?

கரூர் அம்மாயி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே நடுவில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய், மூன்று மாதம் இருந்துவிட்டு ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். கையில் ஒரு குவில்ட்டின் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சோ துணியோ வைத்துத் தைக்கும் போர்வை) மேல்துணி இருக்கிறது, அதில்தான் இப்போது கோளாறு. கோளாறை மட்டும் எழுதலாம். ஆனால் துணி உருவான கதை தெரியாவிட்டால், வேறு துணி வாங்கிப் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகள் இருப்பது நெப்ராஸ்கா மாநிலம், ஓமஹா. நாங்கள் போய் இறங்கியபோது ஊரைச் சுற்றி மக்காச்சோளம் அப்போதுதான் முளைத்திருந்தது. திரும்பும்போது என் தலைக்கு மேல் நின்றது. பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. கோடை விடுமுறை முழுக்க இருவரும் வீட்டில். அவர்களோடு உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வேண்டுமென்று, இங்கிருந்தே ஒரு பை நிறையத் துண்டுத் துணி கொண்டு போயிருந்தேன். என் சுங்குடிச் சேலைகளில் வெட்டியது, செட்டிநாட்டுக் கட்டம், கோவைக் காட்டன், வெள்ளைக்கு வீட்டுக்காரரின் நாலு முழ வேட்டிகள் மூன்று.

தைத்தது அறுகோணத் துண்டுகள். பக்கத்துக்கு ஓர் அங்குலம். காகிதத்தில் அறுகோணம் வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, பிறகு விளிம்போடு விளிம்பு வைத்துக் கையாலேயே சுற்றித் தைத்துச் சேர்ப்பது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. ஆக ஒரு பூவுக்கு 19 துண்டு. அந்த ஊரில் இந்த மாதிரிக்குப் பெயரே பாட்டியின் பூந்தோட்டம்தான். 1930-களில் பணக்கஷ்டம் வந்த காலத்தில் நிறைய வீடுகளில் இதைத் தைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டுகூட இதில் வீணாகாது. மடியில் வைத்துத் தைக்கலாம், மிஷின் வேண்டாம், போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகலாம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தபால் பெட்டிக்கு வரும் விளம்பர அட்டைகளை வீட்டுக்காரரும் பேரனும் அறுகோணமாக வெட்டினார்கள். மகள் ஆபீஸ் முடிந்து வந்து, குழந்தைகள் சாப்பிடும்போது துணியை மடித்து நூலோட்டித் தருவாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது பேத்தியின் பொறுப்பு. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வாடாமல்லி நிறம் வைத்தாள். நான் வைத்திருக்க மாட்டேன். இப்போது முழுத் துணியில் முதலில் கண் போவது அந்தப் பூவுக்குத்தான்.

ஊர் சுற்றியதும் நிறைய. ஒரு மணி நேரத் தூரத்தில் லிங்கன் நகரம். அங்கே குவில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இருக்கிறது. 1997-இல் ஒரு தம்பதி தாங்கள் சேர்த்து வைத்த 950 குவில்ட்டுகளை அப்படியே கொடுத்துத் தொடங்கியது. இன்று பல நாட்டுப் போர்வைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன, நம் பக்கத்துப் பழஞ்சேலைப் போர்வைகள் உட்பட. வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் என்று விளக்கைத் தணித்து வைத்திருக்கிறார்கள். என் மனதில் நின்றது வேறு ஒன்று. பல போர்வைகளுக்குக் கீழே, தைத்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. எவ்வளவு நுணுக்கமான கை! நம் குவில்ட்டின் முதுகில் எல்லோர் பெயரும் நூலால் எழுத வேண்டும் என்று அன்றே மகளிடம் சொல்லிவிட்டேன்.

மிசௌரியில் ஹாமில்டன் என்ற ஊருக்கும் கூட்டிப் போனார்கள். ஜனத்தொகை இரண்டாயிரம்கூட இல்லை, ஆனால் கடைத்தெருவில் வரிசையாகக் குவில்ட் துணிக் கடைகள். ஒரு கடை முழுக்க நாள் கிழமைத் துணி, ஒரு கடை முழுக்கக் குழந்தைத் துணி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து டிவி பார்க்கத் தனி இடமே இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் அங்கேயே இருந்துவிட்டார்கள். நான் வாங்கியது ஒரு பொட்டலம் ஊசியும் நூல்கண்டும் மட்டும். துணி கெஜம் பன்னிரண்டு டாலருக்கு மேல். கரூர்க்காரிக்கு மனசு வரவில்லை. அப்புறம் தெற்கு டகோட்டாவில் மலையில் செதுக்கிய நான்கு ஜனாதிபதி முகங்களையும் பார்த்தோம். எட்டு மணி நேரம் காரில், போகவும் வரவும் மூன்று பூ.

ஜூனில் ஒரு ராத்திரி சூறாவளி சங்கு ஊதியது. மாப்பிள்ளை எல்லோரையும் நிலவறைக்கு இறக்கினார். பேத்தி அழுதுகொண்டே ஏதோ தேடினாள். பார்த்தால் துணிப் பையைத்தான். எடுத்துக்கொண்டு இறங்கினோம். கரண்ட் போய்விட்டது. பேரன் டார்ச் பிடித்தான், நான் தைத்தேன். கை நடுங்குவதைப் பார்த்து, நீங்கள் பிடியுங்கள் அம்மாயி, நான் தைக்கிறேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டான். அதுவரை அவன் ஊசியைத் தொட்டதில்லை. ஒரு பூவின் பாதியை அவன்தான் சேர்த்தான். தையல் ஒவ்வொன்றும் அரிசி நீளம், நூல் வெளியே தெரிகிறது. முக்கால் மணி நேரத்தில் ஆபத்தில்லை என்றார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு மரம் விழுந்ததோடு சரி.

இப்படி 36 பூ, 684 துண்டு. பூக்களுக்கு நடுவே வெள்ளைப் பாதை முன்னூற்றுச் சொச்சம். 45 அங்குலத்துக்கு 58.

இப்போது கோளாறு. ஊருக்கு வந்து சுருக்கம் நீங்கத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். சிவப்புச் சுங்குடிக்குப் பக்கத்து வெள்ளையில் ஐந்து துண்டு ரோஜா நிறமாகிவிட்டது. சாயம் போகாது என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் துவைக்காமல் வெட்டிவிட்டேன். அதே சிவப்பு 11 பூவில் இருக்கிறது. உப்பும் வினிகரும் போட்டு ஊற வைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா? இரண்டாவது, உள்ளே என்ன வைப்பது? அங்கே எல்லோரும் பருத்திப் பஞ்சு விரிப்பு வைக்கிறார்கள். ஓமஹா பனிக்குச் சரி, லீவுக்கு வந்து கரூரில் போர்த்துவதற்கும் ஆக வேண்டுமே. மூன்றாவது, பேரன் தைத்த பாதியைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்கிறாள் மகள், துவைத்தால் விட்டுவிடுமாம். எனக்குப் பிரிக்க இஷ்டமில்லை. டிசம்பரில் அவர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

சாயப்பட்டறை மகன் எழுதியது:

அம்மா, முதலில் அந்தத் துணிமேல் இனி இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். இறங்கிய சாயத்தைச் சூடு அங்கேயே பிடிக்க வைத்துவிடும். நாங்கள் இரண்டு தலைமுறை சாயத் தொழில். உங்களுக்கு நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

சாயம் போட்டால் ஒரு பகுதி இழையோடு சேரும், ஒரு பகுதி சேராமல் மேலேயே தங்கும். அந்த மிச்சத்தைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுப்பதுதான் கடைசி வேலை, சோப்பிங் என்போம். தண்ணீரும் விறகும் மிச்சம் பிடிக்க அதைச் சுருக்கினால் துணி வாங்கினவர் வீட்டில் சாயம் இறங்கும். சிவப்பிலும் கருநீலத்திலும் அது நன்றாகவே தெரியும். பட்டறையில் விட்ட வேலையை நீங்கள் வீட்டில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உப்பு, வினிகர் இரண்டும் வேண்டாம். உப்பு சாயத் தொட்டியில் நிறத்தை இழைக்குள் தள்ளப் பயன்படும். பின்னால் போட்டால் பிடித்து நிறுத்தாது. வினிகர் பட்டு, கம்பளிச் சாயத்துக்கு உதவும், பருத்திக்கு இல்லை.

மிச்சம் இருக்கும் சிவப்புத் துணியில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் அரை மணி போட்டுப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பிறகு பெரிய பிளாஸ்டிக் டப்பில் கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். வெளுப்பான் கலக்காத திரவ சோப்பை விட்டு, மேல்துணியை மடிப்பில்லாமல் முழுக்க மூழ்க வையுங்கள். ஓர் இடம்கூட மேலே மிதக்கக் கூடாது, தட்டைக் கவிழ்த்து அழுத்துங்கள். 12 மணி நேரம் அப்படியே. தண்ணீர் நிறையவே இருக்க வேண்டும். அப்போதுதான் கரைந்த சாயம் தண்ணீரிலேயே நிற்கும், திரும்பத் துணியில் ஏறாது. தண்ணீர் தெளியும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நான்கைந்து தடவை ஆகலாம். நடுவில் காய விடாதீர்கள்.

இன்னொன்று. போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு வேலை செய்யாது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

அக்கா, தம்பி சொன்னது சரி. ஆனால் தண்ணீரில் போடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஓரத் துண்டுகளுக்குள் இன்னும் அட்டை இருக்குமே? விளம்பர அட்டை என்கிறீர்கள், அச்சு மை வேறு இறங்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் வெளி ஓரத்து மடிப்புகள் விரியும், அதனால் ஓரம் முழுக்க ஓர் ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு பழைய கொசுவலைத் துணி இரண்டு எடுத்து, நடுவில் மேல்துணியை வைத்து அங்கங்கே பெரிய தையலாகச் சேர்த்துவிடுங்கள். ஈரத்தில் துணி கனக்கும். கையில் தூக்கினால் சுற்றித் தைத்த இடம் பிரியும், வலையோடு தூக்கினால் பிரியாது.

பேரன் தையலைப் பிரிக்கவே வேண்டாம். பின்பக்கமாக அதே விளிம்பில், அவன் தையல்களுக்கு நடுநடுவே நீங்கள் சிறியதாகச் சுற்றித் தைத்துவிடுங்கள். முன்னால் அவன் நூல்தான் தெரியும், பாரத்தை உங்கள் நூல் தாங்கும். இதை இந்த வாரமே, ஊற வைப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

ஹுப்பள்ளித் தமிழச்சி எழுதியது:

உள்ளே வைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா. எங்கள் வட கர்நாடகப் பக்கம் வீட்டுக்கு வீடு கௌதி என்கிற போர்வை தைப்பார்கள். பஞ்சே கிடையாது, பழஞ்சேலை அடுக்குகள்தான். எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் சித்தி என்கிற, ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகப் பெண்கள் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஓட்டுத் தையல்தான், ஆனால் வரிசைக்கு வரிசை விரலகலம் தாண்டாது. நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாமல் போர்வையைக் கொடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன் சேலை இரண்டு மடிப்பு. கரூர் டிசம்பருக்கு அது போதும், ஓமஹாவில் கம்பளிக்கு மேல் போட்டுக்கொள்ளட்டும். பஞ்சு வைத்தால் நம் வெயிலில் புழுங்கும், துவைத்துக் காய வைப்பதும் பாடு. ஆனால் சேலை அடுக்கு நகரும், நெருக்கமாகத்தான் தைக்க வேண்டும். வெளிர் நிறச் சேலையாகப் பாருங்கள்; அடர் நிறம் வேட்டி வெள்ளைக்குக் கீழே நிழலாகத் தெரியும்.

கரூர் அம்மாயி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

தம்பி, ஐந்து தடவை ஆனது. முதல் தண்ணீர் பீட்ரூட் வேக வைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், வீட்டுக்காரர்தான் இன்னும் நாலு தடவை இருக்கிறதே என்று வெந்நீர் போட்டுக் கொடுத்தார். மூன்றாவதில் இளம் ரோஜா, ஐந்தாவதில் டம்ளரில் எடுத்துப் பார்த்தால் தெளிவு. வெள்ளை வெள்ளையாகவே வந்துவிட்டது. ஒரே ஒரு துண்டில் மட்டும் லேசாக நிறம் நிற்கிறது. தேய்ப்புப் பெட்டி நேராகப் பட்ட இடம். அதை மாற்றப் போவதில்லை.

கண்ணு நூல்கண்டு, கொசுவலை யோசனை இல்லையென்றால் பிரிந்தே போயிருக்கும். ஈரத்தில் அவ்வளவு கனம். பேரன் பாதியைப் பின்னால் தைத்து முடித்துவிட்டு வீடியோவில் காட்டினேன். என் தையலைப் பிரித்தீர்களா என்று கேட்டான். கேமராவைக் கிட்டே கொண்டு போனேன். எண்ணிப் பார்த்தான். நாற்பத்தொன்று, எல்லாம் இருக்கிறது என்றான்.

உள்ளே வைத்தது என் மாமியாரின் வெங்காயத் தோல் நிறக் கோவைச் சேலை, இரண்டு மடிப்பு. நாலு மூலைக்கும் துணிப்பூ பேத்தி நிறம் சொல்லிவிட்டாள், நாலும் நாலு நிறம். இப்போது வெளி ஓரத்திலிருந்து ஆறாவது சுற்று ஓடுகிறது. முதுகில் பெயர்கள் எழுத அரக்கு நூல் வேண்டும், நாளை ஜவஹர் பஜார் போகிறேன். இந்தத் தடவை நூலையும் முதலில் சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோப்பேன்.