அஞ்சாம் மாசம் – மீனை நிறுத்தணுமா?

கேள்வி
அஞ்சாம் மாசம் நடக்குது. மீன் இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்காது. "மீன்ல பாதரசம் இருக்காம், குழந்தை பிறக்கிற வரைக்கும் தொடாதே"ன்னு மாமியார் சொல்றாங்க. டாக்டரோ "குழந்தை மூளைக்கு நல்லது, சாப்பிடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். நேத்து மீன் பொரியிற வாசம் பிடிச்சு அடுப்படி வாசல்லயே நின்னுட்டு இருந்தேன். யார் சொல்றது சரி?

பதில் 1
ரெண்டு பேரும் சரிதாங்க. எந்த மீனுன்னு யாரும் சொல்லாததுதான் குழப்பம்.

ஆய்வுக்கூடத்துல மீனை அரைச்சுப் பாதரசம் அளக்கிறதுதான் எட்டு வருஷமா என் வேலை. சுறாத் துண்டு வந்தா கரைசலை நீர்க்க வச்சுட்டுதான் மெஷின்ல விடுவோம், இல்லேன்னா மெஷின் அளக்கிற எல்லையைத் தாண்டிடும். மத்திக்கு ஒருநாளும் அந்தத் தேவை வந்ததில்ல.

காரணம் எளிசு. நிலக்கரிப் புகையில போற பாதரசம் கடல்ல விழுது, நுண்ணுயிரிகள் அதை உடம்புல தங்கிப்போற மெத்தில் பாதரசமா மாத்துது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேல மேல சேருது. சுறா, வாள்மீன் எல்லாம் பல வருஷம் வாழ்ந்து சேர்த்து வச்சவை, அதனால இப்போ வேண்டாம். தோலை உரிச்சாலும் பொரிச்சாலும் போகாது, தசையிலயே ஒட்டியிருக்கும். நம்ம ரத்தத்துல ஏறினது பாதியாக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும்.

மத்தி, நெத்திலி, இறால் பயமில்லாம சாப்பிடலாம். அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கர்ப்பிணிகளுக்குச் சொல்றது, பாதரசம் குறைஞ்ச மீன் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை. ரெண்டு மூணு வேளைக்கு வரும். டாக்டர் மூளைக்கு நல்லதுன்னு சொன்னது மீன்ல இருக்கிற டி.எச்.ஏ.ங்கிற கொழுப்பை வச்சு. மத்தியில அது நிறைய.

ஜப்பான்ல மினமாட்டாங்கிற ஊர்ல மீன் தின்னவங்களுக்குப் பாதரச நஞ்சு ஏறின கதை படிச்சுப் பயந்திருந்தா, அது ஆலைக்கழிவு நேரா வளைகுடாவுல கலந்ததால வந்தது.

பதில் 2
பாதரசத்தை விட எனக்கு வெயில்தான் பயம். கானாங்கெளுத்தி வாங்கி வண்டியிலயே ரெண்டு மணி நேரம் மறந்துட்டேன். நாத்தமே இல்ல, நல்லாப் பொரிச்சுத் தின்னேன். நாக்குல மிளகு கடிச்ச எரிச்சல், அரை மணியில முகமெல்லாம் செவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுது. மீன் ஐஸ் இல்லாம வெயில்ல கிடக்கும்போது பாக்டீரியா ஹிஸ்டமின்ங்கிற, அலர்ஜி மாதிரி பண்ற பொருளை உண்டாக்குமாம், அப்புறம் எவ்வளவு பொரிச்சாலும் அது அழியாது. வாங்கின உடனே ஐஸ்ல போடுங்க.

பதில் 1 (மறுபடியும்)
இவர் சொல்றது ரொம்ப முக்கியம். வேகவைக்காத சிப்பியையும் தொடாதீங்க. அது தண்ணியை வடிகட்டித் தின்கிற உயிர், தண்ணியில இருக்கிற கிருமி எல்லாம் அதுக்குள்ளதான்.

கேட்டவர்
மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "சரி, மத்தி பொரிச்சுத் தரேன். முள்ளு மட்டும் நீயே எடுத்துக்கோ"ன்னுட்டாங்க.