எங்கள் தோட்டத்தின் ஐந்து லெட்சுமிகள்

பிள்ளைக்கு நினைத்து வைத்த பெயர் ஊரெங்கும் இருக்கிறதே என்று தயங்கும் தங்கைகளுக்கு, அந்தத் தயக்கத்தைச் சென்ற ஆண்டு என் வீட்டிலேயே பார்த்த ஒரு பாட்டியாக என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், 1962-இல். அந்த ஒரு தோட்டத்தில் என் வயதை ஒட்டிய லெட்சுமிகள் ஐந்து பேர் இருந்தோம். பதிவுக்கு எழுதிக் கொடுத்த கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதியதால், காகிதத்தில் ஒருத்தி லெட்சுமி, ஒருத்தி லெச்சுமி, மற்றொருத்தி லெட்சிமி; கூப்பிடும் வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே இடத்தின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆயாக் கொட்டகை லெட்சுமி, கோயில் லயத்து லெட்சுமி, கிராணி வீட்டு லெட்சுமி என்று மூவர். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் இருந்த நான் தண்ணித்தொட்டி லெட்சுமி. ஐந்தாமவளுக்குச் சொல்லும்படியான இடம் வாய்க்கவில்லை. முன்பற்கள் சற்றே துருத்தியிருந்ததால் பல்லு லெட்சுமி என்றார்கள். திருமணமாகி வேறு தோட்டத்துக்குப் போகும்வரை அவள் அதிலிருந்து மீளவில்லை. ஐந்து பேருக்கும் பெயர் வைத்தவர்கள் பெற்றோர்தாம்; அடைமொழியை வைத்தது ஊர். பொதுப் பெயரில் எனக்குள்ள ஒரே அச்சம் அது.

காகித விவகாரங்களில் குழப்பம் வரும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் நாட்டில் பெயரை அடுத்து 'அனாக் பெரம்புவான்' (மகள்) என்று தந்தையின் பெயர் வந்துவிடுகிறது. அடையாள அட்டையின் 12 இலக்கங்களோ ஒருவருக்கு உள்ளது மற்றவருக்கு இருக்காது. வங்கியிலோ பதிவிலாகாவிலோ என்னை வேறொரு லெட்சுமியாக யாரும் எண்ணியதில்லை. சிக்கலெல்லாம் கூப்பிடும் இடத்தில்தான்.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பெண் பிறந்தாள், ரோகிணி நட்சத்திரம். ஒ, வ, வி, வு ஆகிய எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்றார் ஐயர். 27 நட்சத்திரங்களுக்குப் பாதத்திற்கு ஓர் எழுத்தாக மொத்தம் 108 எழுத்துகள் இருந்தாலும், ஒரு குழந்தைக்குக் கிடைப்பவை இந்த நான்குதான். அவற்றிலும் ஒகரமும் வுகரமும் பெயருக்கு எளிதில் இடம் தருவதில்லை. மீதி இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு எல்லாத் தாய்மாரும் கைப்பேசியில் ஒரே பட்டியலைப் புரட்டினால், ஒரே பெயர் வந்து நிற்பதில் வியப்பென்ன? மகள் வர்ஷினி என்றாள். தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போன அன்று தாதி அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க, மூன்று தாய்மார் எழுந்து நின்றதை நானும் அவளும் பார்த்தோம். அப்போதும் அவள் மனம் மாறவில்லை.

என் மாப்பிள்ளை எதிர்க் கோடிக்குப் போய், வண்டார்குழலி என்றார். திருவாலங்காட்டு அம்மன் பெயர், காதுக்குத் தேன்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதும் பிறப்புப் பத்திரத்தில் ழகரத்தை எந்த எழுத்தால் எழுதுவது? என் தோழியின் பேத்தி யாழினி, மலாய் ஆசிரியையிடம் யாஸினி ஆகித் திரும்புகிறாள். அரிய பெயர் வைத்தால் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மாப்பிள்ளை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சென்னையில் எத்தனை வர்ஷினிகள், கோலாலம்பூரில் எத்தனை என்று தேடுவதை விட்டுவிட்டு, பேத்தி படிக்கப் போகும் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். 150 பேருக்கும் குறைவாகப் படிக்கும் குறைந்த மாணவர் பள்ளி அது. முதலாம் ஆண்டில் இருப்பதே 11 பிள்ளைகள். அதில் இரண்டு வர்ஷினி, ஒரு வர்ஷா. ஒருத்தியைப் பெரிய வர்ஷினி, மற்றவளைச் சின்ன வர்ஷினி என்று அழைப்பதாகவும், உயரத்தில் சின்னவள்தான் பெரியவள் என்றும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பல்லு லெட்சுமியின் முகம் வந்து போயிற்று. நாடெங்கும் ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயரைத் தாராளமாக வைக்கலாம். நம் பிள்ளை உட்காரப் போகும் வகுப்பில், நம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), நெருங்கிய உறவில் இரண்டு பேர் இருந்தால் நான் விட்டுவிடுவேன். இதைச் சொன்னதும் மகள் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே வான்மதி என்றாள். ழகரச் சிக்கல் இல்லை, எங்கள் தாமானிலும் யாரும் இல்லை.

முப்பதாம் நாள் பெயர் சூட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா, ஈப்போவில் தன் தம்பி மகளுக்கும் போன மாதம் வான்மதி என்றுதான் வைத்தார்கள் என்றார். மகள் என்னை முறைத்தாள். ஈப்போ நம் பள்ளிக்கூடத்து எல்லைக்குள் வராது என்று சொல்லி, நான் பால் பாயசத்தை எடுத்துப் பரிமாறினேன்.