ராலிக்கு மேஜர் லீக் பேஸ்பால் அணி வந்தால் ஊர் தாங்குமா?

கேரி வாசி:

போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டுவதற்குள் சண்டை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குள் இல்லை, அப்பாக்களுக்குள். எங்கள் வட கரோலினா மாநிலத்தின் ராலிக்கு மேஜர் லீக் பேஸ்பால் அணி வந்தால் நம் ஊரால் கட்டுப்படியாகுமா என்பதுதான் விஷயம்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: லீகில் இப்போது 30 அணிகள். கடைசியாகப் புது அணிகள் சேர்ந்தது 1998இல், அரிசோனாவும் டாம்பா பேயும். ஆணையர் ராப் மேன்ஃபிரெட் 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் அடுத்த இரண்டு ஊர்களை முடிவு செய்துவிட வேண்டும் என்கிறார். நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி, போர்ட்லாந்து, சார்லட் என்று அடிபடும் பெயர்களில் ராலியும் ஒன்று. ராலியின் ஹாக்கி அணியான ஹரிக்கேன்ஸின் உரிமையாளர் டாம் டண்டன் தனக்கு அந்த ஆசை இருப்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

நான் 'தாங்கும்' கட்சி. வேக் கவுண்டியில் மட்டும் 2020 கணக்கெடுப்பில் 11 லட்சம் பேர். டர்ஹாம் பக்கத்தையும் சேர்த்தால் 20 லட்சம் தாண்டும். நல்ல சம்பளம் வாங்கும் ஊர். பெரிய லீக் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வாஷிங்டனுக்கு நாலரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் வாஷிங்டன் நேஷனல்ஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ் இரண்டுமே நமக்கு 'உள்ளூர் அணி' என்று சொல்லி லீகின் பொது இணையச் சந்தாவில் மறைத்துவிடுகிறார்கள். உள்ளூராம்!

எதிர்க்கட்சி நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார். "சீசனுக்கு 81 ஆட்டம் இங்கே நடக்கும். நீ எத்தனைக்குப் போவாய்?" நான் பத்து என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி மூன்று என்று திருத்தினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பேச்சும் அதோடு முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. பெரிய அணி உள்ள ஊர்களில் இருந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஊர் தாங்குமா என்பதை எதை வைத்துப் பார்ப்பது?

பழைய மில்வாக்கிக்காரன்:

உங்கள் மனைவி சொன்ன எண்ணை வைத்துப் பாருங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு 25,000 பேர் என்றால் 81 ஆட்டத்துக்கு 20 லட்சத்து 25 ஆயிரம் டிக்கெட். ஆளுக்கு மூன்று முறை என்றால் ஆறே முக்கால் லட்சம் வெவ்வேறு ஆட்கள் வேண்டும். கைக்குழந்தை, தாத்தா, பேஸ்பால் என்றாலே தூங்கிவிடுகிறவர் எல்லோரையும் சேர்த்து மூன்று பேரில் ஒருவர். ஆளுக்குப் பத்து என்றால் இரண்டு லட்சம் பேர் போதும். ஊர் தாங்குமா தாங்காதா என்பது உங்கள் பத்துக்கும் வீட்டுக்காரம்மாவின் மூன்றுக்கும் நடுவில்தான் இருக்கிறது. யாராவது கணிப்பு எடுக்க வந்தால் நாமெல்லாம் பத்து என்றுதான் சொல்வோம்.

அதிலும் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், அது எந்த ஊரிலும் நிறையும். ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரி, மறுநாள் பள்ளிக்கூடம், அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருக்கிறது. அன்றைக்கு யார் வருவார்கள்? அமெரிக்கக் கால்பந்துக்கு இந்தக் கவலையே கிடையாது. கிரீன் பே ஊரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் கால்பந்து லீகான என்எஃப்எல் தொலைக்காட்சிப் பணத்தை அணிகளுக்குச் சமமாகப் பங்கிடுகிறது, 2024 கணக்கில் அந்த ஊர் அணியான பேக்கர்ஸுக்கு லீகிலிருந்து மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஊரில் நடப்பது எட்டோ ஒன்பதோ ஆட்டம். பேஸ்பாலிலும் பொதுப் பங்கு உண்டு என்றாலும் உள்ளூர் வரும்படிதான் உயிர். உள்ளூர்த் தொலைக்காட்சியோ தள்ளாடுகிறது. 14 அணிகளின் ஆட்டங்களைக் காட்டிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. புது அணிக்கு நுழைவுக் கட்டணமே 200 கோடி டாலருக்கு மேல் இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். 1998இல் அது 13 கோடி.

இனி என் கதை. 2004இலிருந்து பதினாறு வருஷம் மில்வாக்கிக்குப் பக்கத்தில் வௌகேஷா கவுண்டியில் இருந்தேன். பெருநகரம் முழுவதும் சேர்த்தாலும் 16 லட்சம் பேர் இல்லை. லீகிலேயே மிகச் சிறிய சந்தை. அப்படியும் 2011இல் ஊர் அணியான புரூவர்ஸின் ஆட்டங்களுக்கு 30 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. மூடித் திறக்கும் கூரை இருப்பதால் ஏப்ரலில் வெளியே பனி கொட்டினாலும் ஆட்டம் நடக்கும். இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்தெல்லாம் வந்து வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள். சில பேர் உள்ளே போவதே ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதில்தான். அந்த ஊருக்கு அது கோயில் திருவிழா மாதிரி.

ஆனால் எங்கள் கடை ரசீதில் 5.1 சதவீத விற்பனை வரி இருக்கும். மாநில வரி 5. அந்த 0.1 என்ன என்று முதல் மாதமே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "அது பந்து மைதானம்" என்றார். 1996இலிருந்து ஐந்து கவுண்டிக்காரர்கள் அதைக் கட்டிவந்தார்கள், ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அதற்கு ஓட்டுப் போட்டுச் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்த ஜார்ஜ் பெட்டாக் என்ற மாநில செனட்டரை ரசீன் மக்கள் அதே 1996இல் பதவியிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள். செனட்டர் போனார், வரி போகவில்லை. 2020 மார்ச் கடைசியில்தான் முடிந்தது. நானும் அந்த வருஷம்தான் மூட்டை கட்டி இங்கே வந்தேன், 5.0 என்று அச்சான ரசீதை இரண்டு மாதம்தான் பார்த்திருப்பேன்.

அப்பாடா என்றிருந்தால், 2023 டிசம்பரில் அதே மைதானத்தைப் பழுதுபார்க்க இன்னும் 50 கோடி டாலர் பொதுப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். இல்லாவிட்டால் அணி ஊரைவிட்டுப் போய்விடும் என்ற பயம். 2050 வரை அங்கேயே இருப்பதாக ஒப்பந்தம்.

ஆக மில்வாக்கி தாங்கியதா என்றால் தாங்கியது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, என் பெண் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆனால் ராலியில் நான் முதலில் பார்ப்பது மக்கள்தொகையை இல்லை. மைதானம் கட்டும் கடன்பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், எந்த வரியிலிருந்து அடைப்பார்கள், இந்த இரண்டும்தான். வேக் கவுண்டியில் ஓட்டல் அறைக்கு 6 சதவீதமும் உணவகச் சாப்பாட்டுக்கு 1 சதவீதமும் தனி வரி வாங்குகிறார்கள் அல்லவா, அதிலிருந்துதான் ஹாக்கி அரங்கத்தைப் புதுப்பிக்க 30 கோடி டாலர் கொடுக்க 2023இல் ஒப்புக்கொண்டார்கள். அதே பசுவை இன்னொரு கன்றும் ஊட்ட வந்தால் பால் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

ஏழாவது இன்னிங்ஸ்:

மக்கள்தொகை அளவுகோல் இல்லை என்பதற்கு டாம்பா போதும். அங்கே 30 லட்சம் பேருக்கு மேல். 2023இல் அந்த ஊர் அணியான ரேஸ் 99 ஆட்டம் ஜெயித்தது. வந்தவர்கள் 14 லட்சத்துச் சொச்சம்தான். மைதானம் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். வேலை முடிந்து பாலத்தைத் தாண்டிப் போவதற்குள் மூன்றாவது இன்னிங்ஸ் வந்துவிடும்.

ராலியில் இடம் பார்க்கிறவர்கள் மாலை ஐந்தரைக்கு ஐ-40 நெடுஞ்சாலையில் டர்ஹாமிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் மைதானத்துச் சொகுசு அறைகளும் இருக்கின்றன. அவற்றை வருஷக் குத்தகைக்கு எடுப்பவை கம்பெனிகள். ஐபிஎம், சிஸ்கோ எல்லாம் இங்கே ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கலாம், ஆனால் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் உட்கார்ந்திருப்பது வேறு மாநிலத்தில்.

ஹார்னெட்ஸ் காலத்தவள்:

மில்வாக்கி அண்ணா சொன்ன கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "யார் கையெழுத்து" என்று கேட்கும் அதிகாரம் நம்மிடம் இருப்பதாக அவர் நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் 1995இலிருந்து இதே மாநிலத்துச் சார்லட்டில் இருக்கிறேன். அப்போது ஹார்னெட்ஸ் கூடைப்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிட்டத்தட்ட 24,000 இருக்கை, தொடர்ந்து 364 ஆட்டம் அரங்கம் நிறைந்த ஊர் இது. 'தாங்குமா' என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பார்கள். பிறகு உரிமையாளர் மேல் ஊருக்கு வெறுப்பு வந்தது. அரங்கத்தில் சொகுசு அறை போதவில்லை, புது அரங்கம் வேண்டும் என்றார்கள். 2001இல் மக்களிடம் கேட்டார்கள், நாங்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டோம். நானும்தான். 2002இல் அணி நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன நடந்தது? இரண்டாவது தடவை மக்களைக் கேட்காமலே நகரசபை புது அரங்கம் கட்டியது. 2004இல் பாப்கேட்ஸ் என்று புது அணி வந்தது. பத்து வருஷம் கழித்து பழைய பெயரையும் திருப்பி வாங்கிவந்தார்கள். 2024இல் கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்க 65 கோடி டாலர். அதுவும் ஓட்டல், சாப்பாட்டு வரிகளிலிருந்துதான்.

நம் மாநிலத்தில் வேண்டாம் என்ற ஓட்டு நின்றதும் உண்டு. 1998இல் மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணியை கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம் பக்கம் கொண்டுவர உணவக வரி கேட்டார்கள். இரண்டு கவுண்டியும் மறுத்துவிட்டன. ட்வின்ஸ் இன்றும் மினியாபொலிஸில்தான் ஆடுகிறது.

ராலிக்காரர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த மாநிலத்துக்கு இரண்டு அணி கொடுக்க மாட்டார்கள். வங்கித் தலைமையகங்கள் இருப்பது எங்கள் ஊரில்!

புல்ஸ் ரசிகன்:

டர்ஹாமில் புல்ஸ் என்ற சின்ன லீக் பேஸ்பால் அணி ஆடுகிறதே, 10,000 இருக்கை, எங்கே உட்கார்ந்தாலும் பந்து அடிபடும் சத்தம் கேட்கும், பார்க்கிங்குக்குச் சொத்தை எழுதிவைக்க வேண்டாம். எதற்கு இந்த வம்பு?

மொன்றியல் தம்பி:

நான் மொன்றியலில் வளர்ந்தவன். எங்கள் பேஸ்பால் அணி எக்ஸ்போஸ் போனபோது எனக்குப் பதினாறு வயது. பெரிய நகரம், பணம் இல்லாத நகரமும் இல்லை. எண்பதுகளில் சீசனுக்கு 20 லட்சத்துக்கு மேல் சனம் போனது என்று அப்பா சொல்லுவார். 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி. லீகிலேயே முதலிடம். ஆகஸ்டில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம், சீசன் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2000இல் ஆங்கில வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டமே வரவில்லை. 2001இல் வந்த சனம் ஏழு லட்சத்தையும் எட்டவில்லை.

டிக்கெட் விற்பது கனடா டாலரில், சம்பளம் கொடுப்பது அமெரிக்க டாலரில். 2002 தொடக்கத்தில் எங்கள் டாலர் 62 சென்ட் அளவுதான். கடைசி இரண்டு சீசனிலும் இருபதுக்கு மேற்பட்ட 'சொந்த ஊர்' ஆட்டங்களை போர்ட்டோ ரிக்கோவில் கொண்டுபோய் ஆடினார்கள். 2005இல் அணி வாஷிங்டனில் இருந்தது. கேரி அண்ணா, நீங்கள் நாலரை மணி நேரம் ஓட்டிப்போய்ப் பார்ப்பது எங்கள் அணியைத்தான்.

எக்ஸ்போஸ் ஆடிய, 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்தின் கடன் முழுதாக அடைந்தது 2006இல். பெரும்பகுதி சிகரெட் வரியில். அணி போன பிறகும் அப்பா பெட்டி வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். கியூபெக் சிட்டியைப் பாருங்கள், ஹாக்கி அணி திரும்ப வரும் என்று நம்பி 2015இல் அரங்கத்தைத் திறந்தார்கள். அணி இன்னும் வரவில்லை.

கேரி வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி காலண்டரைத் திறந்து நேர்மையாக எண்ணினேன். போன வருஷம் புல்ஸ் ஆட்டத்துக்கு ஆறு தடவை போவதாகக் குறித்து வைத்திருக்கிறேன். போனது இரண்டு. அதில் ஒன்று மழையில் நின்றுபோனது. மனைவி சொன்ன மூன்றே தாராளம் போலிருக்கிறது.

ஆசை போய்விடவில்லை. ஆனால் வேக் கவுண்டி அந்த ஓட்டல் வரிப் பணத்தை எதெதற்கு எத்தனை வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பார்க்காமல் இனி 'தாங்கும்' என்று சொல்ல மாட்டேன். அடுத்த பிறந்தநாள் விருந்துக்குள் படித்துவிடுகிறேன்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு வரியாவது, கடனாவது. "அப்போ புல்ஸ் போயிடுமா?" என்று மட்டும் கேட்டான். யாருக்காவது தெரியுமா?

பழைய மில்வாக்கிக்காரன்:

போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. செயின்ட் பால் சின்ன லீக் அணி மினியாபொலிஸுக்குப் பக்கத்திலேயே ஆடுகிறது, ஷுகர் லேண்ட் அணி ஹூஸ்டனுக்குப் பக்கத்தில். ஆனால் அவை இரண்டும் அந்தந்த ஊர்ப் பெரிய அணிக்கே ஆட்டக்காரர்களைத் தயார் செய்பவை. புல்ஸ் தயார் செய்வது டாம்பாவுக்கு. அது மாற வேண்டியிருக்கும். பையனிடம் இப்போதைக்கு 'இல்லை' என்றே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, நானும் வருகிறேன்.